வண்டியைத் தூக்கிய ஆறு ஞாயிறுகள்

எங்கள் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தினமும் அறுபத்தாறு படி ஏறித்தான் மூன்றாவது மாடிக்குப் போகிறார். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள். அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் நான் இருக்கிறேன், தரைத்தளத்தில் என் ஜெராக்ஸ் கடை. என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனிதரைப் பார்த்து வருகிறேன். அவரைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், ஆனால் மச்சினி சொல்வதுதான் சரியாக இருக்கும். பெண்டாட்டிக்கு இருக்கும் தயவு தாட்சண்யம் மச்சினிக்குக் கிடையாது.

வயது ஐம்பத்து மூன்று. ஒல்லி. பெல்ட்டின் கடைசி ஓட்டையும் போதாமல் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டவர். இருபத்தேழு வருடமாக ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று உயரக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். அந்த வேலையில் யாரும் தனியாக எதையும் தொடக் கூடாது. எப்போதும் ஜோடிதான். ஒருவர் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பார், இன்னொருவர் அடியில் குழிக்குள் இருப்பார். மேலே இருப்பவர் "நகர்த்தவா?" என்று கேட்பார். கீழே இருப்பவர் "நகர்த்து" என்று அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால்தான் பெட்டி நகரும். "சரி", "ம்", "ஆகட்டும்" எதுவும் செல்லாது. அரைகுறைப் பதிலை நம்பி நகர்த்தினால் கீழே இருப்பவர் அப்பளமாகிவிடுவார்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "ஃபேனை நிறுத்தவா?" என்று கேட்டுவிட்டு சுவிட்சில் விரலை வைத்தபடி நிற்பார். அக்கா "நிறுத்துங்க" என்று சொல்லும்வரை அப்படியே நிற்பார். கல்யாணமான புதிதில் அக்கா இதை மரியாதை என்று நினைத்துச் சொக்கிப் போயிருந்தாள். விஷயம் தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. பார்சல் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் கையே தராசாகிவிட்டது. ஒரு பையைத் தூக்கிப் பார்த்து எடை சொன்னாளானால் நூறு கிராம்கூட முன்னே பின்னே இருக்காது. அந்த ஆபீஸில் ஒரு சட்டம் உண்டு. பார்சலைத் தராசில் தூக்கி வைப்பது அனுப்புகிறவர் வேலை, ஊழியர்கள் கை வைக்க மாட்டார்கள். கெஞ்சினாலும் வைக்க மாட்டார்கள். அக்கா அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். அதில்தான் அத்தான் மாட்டினார்.

ஊர்க்கோடியில் இருபத்திரண்டு மாடி ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. அதன் மோட்டார் அறையில் ஒரு சின்ன ஜன்னல், ஒரு முழ அகலம் இருந்தால் அதிகம். மாதா மாதம் சர்வீஸுக்குப் போகும்போது அத்தான் அந்த ஜன்னல் வழியாகத் தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிவதைப் பார்ப்பாராம். ஊர் முடிந்து, தார் ரோடு முடிந்து, அதற்கப்பால் மேட்டு நிலத்தில் ஏறி, மலைகளுக்கு நடுவே போய் மறையும் சரளைக்கல் பாதை. பதினோரு வருடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு ஒரு நாள் என் கடைக்கு வந்து, மேப் ஒன்றைப் பெரிதாக்கிப் பதினான்கு தாளில் எடுத்துத் தரச் சொன்னார்.

"எதுக்கு அத்தான்?"

"போகப் போறேன். பைக்ல. அறுநூத்து நாப்பது கிலோமீட்டர், ஒன்பது நாள். அதுல ஒரு இடத்துல இருநூத்துப் பத்து கிலோமீட்டருக்கு வீடு, கடை, ஆள், ஒண்ணும் கிடையாது."

"யார் கூட?"

"தனியா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபேனைத் தனியாக நிறுத்தத் தெரியாத மனுஷன். "எலி வளையானாலும் தனி வளை வேணுமா உங்களுக்கு?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இருபத்தேழு வருஷமா மேலயும் கீழயும் போய்ட்டு வந்தாச்சு. ஒரு தடவை நேராப் போய்ப் பாக்கணும். இத்தனை வருஷத்துல எதையும் நான் ஒத்தையா செஞ்சதில்ல. முடியுமான்னு தெரியணும்" என்றார். பதினான்கு தாளையும் வரிசை குலையாமல் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, இன்னொரு ரப்பர் பேண்டும் போட்டு எடுத்துக்கொண்டு போனார். எதுவாக இருந்தாலும் அவருக்கு இரண்டாக இருக்க வேண்டும். ஒரு கயிறு அறுந்தால் இன்னொரு கயிறு தாங்க வேண்டும் என்பது லிஃப்ட்காரர்களின் வேதம்.

அன்று மாலையே அக்காவிடம் சொல்லிவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். இந்த மாதிரி விஷயம் என்றால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். அக்கா கத்தவில்லை, அழவில்லை, கையிலிருந்த துணியை நான்காக மடித்து வைத்தாள்.

"தாராளமா போங்க. ஒரே ஒரு கண்டிஷன். ஜல்லி ரோட்டுல வண்டி சாயும். சாயாம இருக்காது. ஆளில்லாத இடத்துல சாஞ்சா யார் தூக்குவா? கீழ பார்க்கிங்ல வண்டியைச் சாமானோட படுக்க வைங்க. நீங்களே ஒத்தையா தூக்கி நிறுத்துங்க. நிறுத்திட்டா போங்க. தூக்க முடியாததை அனுப்பக் கூடாது, அது எங்க கவுண்டர் சட்டம்."

அத்தானுக்கு முகமெல்லாம் பல். நியாயமான சோதனை என்றால் அவருக்குத் தேன் மாதிரி. மறுநாளே ஆபீஸில் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தார். ஏழாவது வாரம் வியாழக்கிழமை புறப்பாடு. அதைத் தள்ளிப் போடவும் முடியாது, அந்த மாதக் கடைசியில் மழைக்காகப் பாதையை மூடிவிட்டால் அடுத்துத் திறக்க அரை வருடம் ஆகும். அந்த அரை வருடத்தில் ஆஸ்பத்திரியில் புது லிஃப்ட் போடும் வேலை இருந்தது, அதற்கு அத்தான்தான் பொறுப்பு. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

முதல் ஞாயிறு காலை பார்க்கிங்கில் ஒரு பழைய மெத்தையை விரித்தார்கள். வண்டிக்குக் கீறல் விழக் கூடாது என்று ஏற்பாடு. நூற்று அறுபத்தைந்து கிலோ வண்டியை அத்தானும் அவருடைய வேலை ஜோடியும் இரண்டு பக்கமும் பிடித்து, நோயாளியைக் கட்டிலில் சாய்ப்பது போல் மெத்தையில் சாய்த்தார்கள். என் கடைக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார். "வண்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

வண்டியின் இரண்டு பக்கமும் பின்னாலும் கட்டியிருந்த பைகளைப் பார்த்து எனக்கே மலைப்பு. இரண்டு ட்யூப், இரண்டு கிளட்ச் கேபிள், இரண்டு பம்பு, இரண்டு டார்ச், இரண்டு அடுப்பு. கூடாரம் மட்டும் ஒன்று, அதற்கும் உபரியாக ஒரு தார்ப்பாய். எல்லாம் சேர்த்து நாற்பது கிலோ. போதாததற்கு இரண்டு சிறிய மூட்டைகளில் மணல் வேறு.

"மணல் எதுக்கு?" என்றாள் அக்கா.

"லோடு டெஸ்ட். லிஃப்ட்ல நூறு கிலோ ஏத்தணும்னா நூத்து இருபத்தஞ்சு கிலோ ஏத்தித்தான் சோதிப்போம். நாப்பதுக்கு அம்பது. கணக்கு சரியா இருக்கணும்ல."

"போற வழி பூரா மண்ணு. இங்கேருந்து வேற மண்ணு எடுத்துட்டுப் போறீங்களா?"

அத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாரோ வீடியோவில் காட்டியபடி வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினார். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின்கம்பியில். காலை ஊன்றி முதுகாலேயே பின்னுக்குத் தள்ளி எழ வேண்டும். தள்ளினார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. வண்டி அசையவில்லை. மெத்தைதான் அரை அடி நகர்ந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் கட்டடத்துக்கு அதுதான் பொழுதுபோக்கு. இரண்டாவது ஞாயிறு மணல் மூட்டை போயிற்று. அக்கா ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்த்து, "இது ஏழு நானூறு. ரெண்டு அடுப்புல ஒண்ணை எடுத்துடுங்க, ஆறு கிலோவுக்கு வந்துரும்" என்று குறைத்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது ஞாயிறு இரண்டாவது பம்பு போயிற்று. நான்காவது ஞாயிறு தார்ப்பாய் போயிற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக ஐம்பது கிலோ முப்பத்து நான்காயிற்று. ஒவ்வொன்றையும் விடும்போது அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பல்லைப் பிடுங்கினால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

எடை குறைத்தது மட்டுமல்ல, உடம்பையும் தயார் செய்தார். தண்ணீர் கேன் இரண்டைத் தூக்கிக்கொண்டு அறுபத்தாறு படியும் காலையில் மூன்று முறை, மாலையில் மூன்று முறை. என் கதவைத் தாண்டும்போது அந்த மூச்சு இரைப்பு கேட்கும். அக்காதான் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். திட்டிக்கொண்டே தேய்ப்பாள், தேய்த்துக்கொண்டே திட்டுவாள். நான்காவது ஞாயிறு வண்டி ஒரு சாண் எழுந்தது. ஐந்தாவது ஞாயிறு முழங்கால் உயரம் எழுந்து, அங்கேயே நின்று, மெத்தைக்கே திரும்பிப் போயிற்று. கண்ணாடிக் கடைக்காரர் கை தட்டினார்.

நான் முதலில் கேலி செய்துகொண்டிருந்தவள்தான். எப்போது மாறினேன் என்று தெரியவில்லை. ஐந்தாவது ஞாயிறு வண்டி திரும்ப விழுந்தபோது இவர் போய்த்தான் ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அந்த வாரம் புதன்கிழமை ஒரு பார்சல் அனுப்ப அக்காவின் கவுண்டருக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு தையல்காரம்மா நின்றார். பெரிய அட்டைப்பெட்டி. தூக்க முடியாமல் தரையில் வைத்து உருட்டிக்கொண்டு வந்திருந்தார். தராசைப் பார்க்கிறார், பெட்டியைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். அக்கா கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, தலையைக்கூட நிமிர்த்தாமல், தினம் இருபது முறை சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள்.

"ரெண்டாப் பிரிச்சுக் கட்டுங்கம்மா. ஒண்ணு ஒண்ணா தூக்கி வைங்க."

எனக்குச் சுரீர் என்றது. பையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் தூக்கினால் என்ன? தூக்கி நிறுத்திவிட்டுப் பைகளை மறுபடி மாட்டினால் என்ன? ஆளில்லாத ரோட்டில் அவசரம் ஏது? எங்களுக்குத் தோன்றவில்லை, சரி. லிஃப்ட்காரருக்கு நிச்சயம் தோன்றாது. சோதனை நடக்கும்போது பாதியில் லோடை இறக்கினால் அந்தச் சோதனையே செல்லாது என்று இருபத்தேழு வருடமாகப் படித்தவர். ஆனால் இவள்? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை நெய்க்கு அலைய விட்டிருக்கிறாள்.

தையல்காரம்மா நகர்ந்ததும் நான் கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாகக் குனிந்தேன்.

"அக்கா. உனக்குத் தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். எதைக் கேட்கிறேன் என்று கேட்கவில்லை.

"முதல் ஞாயிறே தெரியும்" என்றாள்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா போயிடுவாரே."

பின்னால் வரிசை நின்றது. முத்திரையை ஓங்கிக் குத்தி என் பார்சலை உள்ளே தள்ளினாள். "நீ சொல்லிடாத" என்று மட்டும் சொன்னாள். என் வாய் எப்பேர்ப்பட்ட வாய் என்று கட்டடத்துக்கே தெரியும். அந்த நான்கு நாள் நான் பட்ட பாட்டை வண்டி தூக்கியவர்கூடப் பட்டிருக்க மாட்டார். அத்தான் கேனைத் தூக்கிக்கொண்டு என் கதவைத் தாண்டும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன். இரண்டு பேரையும் பார்த்தால் பாவமாக இருந்தது, அதில் யாருக்கு அதிகப் பாவம் என்று எனக்கே தெரியவில்லை.

ஆறாவது ஞாயிறு. கடைசி ஞாயிறு. வேடிக்கை பார்ப்பவர்கள்கூட அன்று கேலி செய்யவில்லை. அத்தான் குந்தினார், பிடித்தார், காலை ஊன்றினார். வண்டி முழங்கால் தாண்டியது. தொடை உயரம் வந்தது. இன்னும் ஒரு சாண் வந்தால் நின்றுவிடும். அங்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. "ஆ" என்றுகூடச் சொல்லாமல், வண்டியை மெதுவாக மெத்தையில் இறக்கிவிட்டு, பக்கத்திலேயே அவரும் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் சீட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல மெத்தை. இதை மாடிக்கே எடுத்துட்டுப் போயிடலாம். நாளைக்கு லீவைக் கேன்சல் பண்ணிடறேன். ஜன்னல் எங்கயும் போயிடாது, அங்கிருந்தே பாத்துக்கலாம்" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"பையைக் கழட்டுங்க" என்றாள்.

"ஏன்?"

"கழட்டுங்க. ரெண்டாப் பிரிச்சுக் கட்டுங்க. முதல்ல வண்டி, அப்புறம் பை."

அத்தான் அவளை விநோதமாகப் பார்த்தார். "டெஸ்ட் நடுவுல லோடை இறக்கக் கூடாதும்மா. அப்படிச் செஞ்சா செல்லாது."

"இது லிஃப்ட் இல்ல. லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கறவங்க இறங்கக் கூடாது, நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்கணும். இது ரோடு. இறங்கலாம், கழட்டலாம், மூச்சு வாங்கலாம், மறுபடி மாட்டலாம். யாரும் உங்களைத் துரத்தல."

கண்ணாடிக் கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அத்தான் பத்து நிமிடம் இடுப்பை நீவிவிட்டுக்கொண்டு, நான்கு பையையும் கழற்றிச் சுவரோரம் அடுக்கினார். குந்தினார், பிடித்தார், தள்ளினார். ஆறு வாரம் படி ஏறிய கால் அல்லவா, வண்டி தொடையைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, நேராக வந்து நின்றது. அவர் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு இரண்டு தடவை உதைத்துப் பார்த்தார், சரியாகப் போட்டிருக்கிறதா என்று. அப்புறம்தான் கையை எடுத்தார்.

கட்டடமே கை தட்டியது. அத்தான் மறுபடி பைகளை மாட்டுவதில் மும்முரமாக இருந்தார், அக்காவுக்கு இது எப்போது தோன்றியது என்று கேட்க நினைக்கவில்லை. நான்தான் படியேறும்போது கேட்டேன், "இப்ப மட்டும் ஏன் சொன்ன?"

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அனுப்புறவங்கதான் தூக்கி வைக்கணும். வேற யாரும் கை வைக்க முடியாது. இங்க அனுப்புறவ நான்தானேடி. எனக்கும் ஆறு வாரம் ஆச்சு" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய்க் கடையைத் திற" என்று என்னை விரட்டினாள்.

வியாழக்கிழமை காலை வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. பதினான்கு தாளும் டேங்க் மேல் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. அக்கா கடைசியாக ஒருமுறை பின்பையைத் தூக்கிப் பார்த்தாள். "பதினொண்ணு இருநூறு. நேத்து பதினொண்ணுதான் இருந்தது. என்ன வச்சீங்க?" என்றாள். அத்தான் திருட்டு முழி முழித்தார். இரண்டாவது டார்ச். அது இருக்கட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள்.

அத்தான் ஹெல்மெட்டை மாட்டினார். கியரைப் போட்டார். கிளட்சைப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினார்.

"கிளம்பவா?"

அக்கா தலையை ஆட்டினாள். வண்டி நகரவில்லை. "ம்" என்றாள். நகரவில்லை. "சரி" என்றாள், "பாத்துப் போங்க" என்றாள். இருபத்தேழு வருடப் பழக்கம், மனிதர் அசையவில்லை. என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் நின்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கவுண்டரில் பேசும் அதே தெளிவான குரலில் சொன்னாள்.

"கிளம்புங்க."